புதுச்சேரியில் பிரெஞ்சு: ஒப்பந்தத்தில் ஒரு வரி

கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு வீட்டுமொழி. 1977ஆம் ஆண்டு மொழிச்சாசனம் அதற்கு அரணாயிற்று. ஆங்கிலேயர் ஆண்ட நிலத்தின் நடுவே இருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியின் கதை வேறு. அங்கே பிரெஞ்சு அலுவலகத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் உரியது. தெருவிலும் அடுப்படியிலும் தமிழே.

1956இல் கையெழுத்தான இணைப்பு ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. அவ்வொப்பந்தம் 1962இல்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டில், 1965இல், அங்குள்ள சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த ‘சொல்தா’ குடும்பங்கள் சிலவற்றில் அம்மொழி தங்கியது.

நம் மலேசிய அரசமைப்பின் 152ஆம் பிரிவோ தமிழுக்கு அலுவலகத்தைத் தரவில்லை; கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுக்கலாகாது என்று மட்டுமே சொல்கிறது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் நிற்பது அந்த ஒரு வரியின்மீதுதான்.