தொலைபேசி கேட்டுத் திறக்கும் கதவு

தெரணியகலைப் பகுதியின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குச் சென்றபின் லயத்துக் கதவுகளில் பூட்டுத் தொங்கும். திறப்பு தாயின் மடியில் இருக்கும். கொழும்பில் தொழில் புரியும் மகன் எதிர்பாராது வந்தாலும், பிள்ளை காய்ச்சலோடு பாடசாலையிலிருந்து முன்னதாகவே திரும்பினாலும், தாய் மலையிலிருந்து இறங்கும்வரை வாசலிற் காத்திருக்க வேண்டியதே. அத்திறப்பின் வேலையைத் தொலைபேசியிடம் ஒப்படைக்க இயலுமா? இயலும், அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

தொலைபேசியில் ஓர் இலக்கத்தை அழுத்தும்போது எழுவது தனியொரு சுரமன்று. இரு சுரங்களின் கலப்பாகும். 5ஐ அழுத்தினால் நொடிக்கு 770 அதிர்வுகள் கொண்ட சுரமும் 1336 அதிர்வுகள் கொண்ட சுரமும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் வெவ்வேறு இணை உண்டு. அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனம் 1963ஆம் ஆண்டு இம்முறையைப் பொதுமக்களின் பாவனைக்கு அளித்தது. மனிதக் குரல் தற்செயலாக ஒரு சுரத்தை ஒத்திருக்கக்கூடும். குறித்த இரண்டை ஒருங்கே எழுப்புதல் அரிது. இரு சுரங்களைத் தேர்ந்த காரணம் இதுவே.

அழைப்பைத் தானே ஏற்கும் வசதியுள்ள பழைய பொத்தான் தொலைபேசி ஒன்றை வீட்டினுள் வைத்தல் வேண்டும். அதிலிருந்து வரும் ஒலியைக் கம்பிவழியே எம்.டி.8870 எனும் சில்லு பெற்று, சுரங்களை இலக்கங்களாக மாற்றும். ஆர்டுயினோ போன்றதொரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை அவ்விலக்கங்களை இரகசிய எண்ணோடு ஒப்பிடும். பொருந்தினால் ரிலே எனும் மின் ஆளி இணைந்து, 12 வோல்ட் மின்சாரத்தைப் பூட்டிலுள்ள கம்பிச்சுருளுக்குச் செலுத்தும். சுருள் காந்தமாகித் தாழை இழுக்கும், கதவு திறக்கும். மின்சாரம் நிற்கையில் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம் ஏனைய பகுதிகளைப் பழுதாக்காதிருக்கச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட்டை இணைப்பது அவசியம்.

அழைப்பவரின் தொலைபேசி எண்ணை மட்டும் நம்பிக் கதவைத் திறத்தல் தகாது. பிறர் எண்ணைப் போலியாகக் காட்ட வழிகள் உண்டு. இரகசிய எண்ணும் கேட்கப்படல் வேண்டும். மூன்று முறை தவறினால் சிறிது நேரம் கருவி மறுமொழி தராதிருக்கச் செய்வது நலம்.

இனி, இவை யாவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய வேளையில் இக்கதவு என்னாகும்? மின்சாரம் அற்றால் காந்தப் பூட்டு தானே திறந்துவிடும். தாழ்ப் பூட்டோ மூடியே நிற்கும். வீட்டுக்குத் தாழ்ப் பூட்டே ஏற்றது. ஆயினும் உள்ளிருந்து மின்சாரமின்றிக் கையால் திறக்கும் பிடியும், வெளியிலிருந்து திறக்கும் சாதாரண திறப்பும் உள்ள பூட்டையே வாங்குதல் வேண்டும். ஒரே கூரையின்கீழ் வீடுகள் அடுத்தடுத்து நிற்கும் லயத்தில் ஒரு வீட்டில் மூளும் தீ விரைந்து அடுத்த வீட்டைப் பற்றும். கள்வனைத் தடுக்கும் பூட்டு, உள்ளே உறங்கும் பிள்ளையைச் சிறைப்படுத்தலாகாது.

ஆகவே கருவியைக் கதவிற் பொருத்துமுன் மேசைமீது வைத்துச் சில நாள் இயக்கிப் பார்த்தல் நன்று. பொருத்தியபின் மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து, வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளையை உள்ளிருந்து திறக்கச் சொல்ல வேண்டும். அப்பிள்ளையின் கைக்குப் பிடி எட்டித் தாழ் விலகினால் மட்டுமே அவ்வேலை முடிந்ததாகும்.