தொடர்பு எந்த இடத்தில் அறுந்தது?

ஊரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் நின்றுபோனால் முதலில் நெஞ்சுதான் பதறும். அங்கே என்னவோ ஏதோ என்று நினைப்போம். அந்த நேரத்தில், அறுந்த இடம் எது என்று கண்டுபிடிக்கும் வழி ஒன்றை இன்று சொல்கிறேன்.

மண்டபங்களிலும் மாலை வகுப்புகளிலும் பல கணினிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். சாதாரண சுவிட்சிடம் நாம் எதுவும் கேட்க முடியாது. ஆனால் மேனேஜ்ட் சுவிட்ச் என்ற வகைக்குச் சொந்தமாக ஒரு ஐ.பி. முகவரி உண்டு. அதனுள் நுழைந்து கட்டளைகளை எழுதலாம். கணினிகளுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் சோதிக்க வசதியான இடம் அது. வீட்டில் இது இல்லாதவர்கள் கணினியின் கட்டளைச் சாளரத்திலேயே இதைச் செய்யலாம்.

கட்டளையின் பெயர் பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. கடலுக்குள் நீர்மூழ்கியைத் தேட அனுப்பும் ஒலி மோதித் திரும்புவதுபோல, ஒரு சிறு தரவுப் பொதி போய்ப் பதிலோடு திரும்புகிறது. அந்த ஒலியே இதற்குப் பெயராயிற்று.

சிஸ்கோ சுவிட்சில் பிங் என்று எழுதி முகவரியைக் கொடுத்தால் வழக்கமாக 5 பொதிகள் போகும். வந்த பதில் ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியக்குறி விழும். 2 செக்கனுக்குள் பதில் வராவிட்டால் ஒரு புள்ளி விழும். முதலாவது மட்டும் புள்ளியானால் பயப்படவேண்டாம். பக்கத்துக் கருவியின் வன்பொருள் முகவரியைத் தேடும் நேரத்தில் முதல் பொதி தவறுவது வழமை.

கிட்ட இருந்து தூரத்துக்குப் போங்கள். முதலில் ரவுட்டர். அது பதில் தராவிட்டால் குறை அநேகமாக உள்ளேதான்; வயரையும் செருகியையும் பாருங்கள். அடுத்தது 8.8.8.8 போன்ற வெளி முகவரி. சுவிட்சில் டீஃபால்ட் கேட்வே பதிந்திருந்தால்தான் இது வெளியே போகும். அதன்பின் ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். சேவையில் குறை.

கடைசியாக நேரத்தைப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். 10,000 கிலோமீற்றர் கேபிளில் போய்வர 100 மில்லிசெக்கன் வேண்டும். இலங்கைத் தளம் ஒன்று 20 மில்லிசெக்கனில் பதில் தந்தால், பதில் சொன்ன இயந்திரம் இலங்கையில் இல்லை. இங்கே ஐரோப்பாவில்தான் எங்கோ இருக்கிறது.

அந்தத் தூரத்தைக் கடக்கும் கேபிள்களில் ஒன்று எங்கள் பலெர்மோவிலேயே கரையேறுகிறது. 2005 டிசம்பரில் வேலை முடிந்த சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள், சுமார் 18,800 கிலோமீற்றர் நீளம். பிரான்சின் மார்செய்யில் தொடங்கி சிங்கப்பூர் வரை போகும் அது கொழும்பையும் சென்னையையும் தொடுகிறது. 2008 டிசம்பர் 19 அன்று, வன்னியில் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம், சிசிலிக்கும் எகிப்துக்கும் இடையில் இதுவும் சீ-மீ-வீ 3, ஃபிளாக் கேபிள்களும் அறுந்தன. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான தொடர்புகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அப்படியொரு நாளில் ரவுட்டரும் ரோமாபுரியும் உடனே பதில் தரும். கிழக்கு மட்டும் மௌனமாக இருக்கும், அல்லது சுற்றுவழியில் பிந்திப் பதில் தரும். ட்ரேஸ்ரூட் என்ற கட்டளை வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டுவதால், பதில்கள் எங்கே நின்றன என்று ஊகிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பாதுகாப்புக்காகப் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைத்த இயந்திரங்கள் ஏராளம். அவை நன்றாக இயங்கிக்கொண்டே மௌனமாக இருக்கும். ஆகவே புள்ளிகளைக் கண்டதும் முடிவு கட்டாமல் இன்னொரு முகவரியையும் கேட்டுப்பாருங்கள். ஊரில் அம்மாவின் குரல் நின்றாலும் அப்படித்தான்: முதலில் ரவுட்டரிலிருந்து தொடங்குங்கள்.