ஐந்து அமர்வில் முடியும் சிகிச்சை. கருவிக்கு எங்கே போவது?

புதுதில்லி: 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பு ஏதுமின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான மருத்துவக் காப்பீட்டை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் மத்திய அரசு 2024 அக்டோபரில் நீட்டித்தது. புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் முதியவர்களையே தாக்குகிறது. ஆகவே, பணத்துக்கு ஒரு வழி பிறந்தது. கதிர் சிகிச்சைக் கருவிக்கு?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்த சிறிய சுரப்பி புரோஸ்டேட். மலக்குடலில் சேரும் வாயு, சிறுநீர்ப்பையின் நிறைவு ஆகியவற்றைப் பொருத்து அது நாள்தோறும் சில மில்லிமீட்டர்கள் இடம் பெயரும். குறி பிசகினால் புற்றணுக்கள் தப்பிவிடும். மலக்குடலில் ரத்தக்கசிவும் சிறுநீர்க் கோளாறுகளும் மிஞ்சும்.

பழைய கோபால்ட் கருவிக்கு இது எட்டாத துல்லியம். இடுப்பின் ஆழத்தை அடைவதற்குள் அதன் கதிர்கள் நல்ல திசுக்களிலேயே பெருமளவு செலவாகிவிடுகின்றன. தவிர, கோபால்ட்-60-இன் வீரியம் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். உரிய காலத்தில் அதை மாற்றாவிட்டால் ஒவ்வொரு நோயாளியும் மேசையில் படுத்திருக்கும் நேரம் கூடும், வரிசையும் நீளும்.

லீனியர் ஆக்சிலரேட்டர் கருவியில் கதிர்க்கற்றையைச் சுரப்பியின் வடிவத்துக்கேற்ப அமைக்கலாம். நவீன கருவிகளில், சிகிச்சை மேசையிலேயே ஸ்கேன் எடுத்து, சுரப்பி அன்று இருக்கும் இடத்தை உறுதி செய்த பிறகே கதிரைச் செலுத்த முடியும். இந்தத் துல்லியத்தால் அமர்வுகள் குறைந்தன. முன்பு 37 முதல் 39 அமர்வுகள் தேவைப்பட்ட இடத்தில் 20 போதும் என்று 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு 5 அமர்வுகளே போதும் என்று 2024-இல் மற்றோர் ஆய்வு நிறுவியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 224 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வோ, நோய் முற்றும் அபாயம் உள்ளவர்களுக்கு இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர் தருவதால் நோய் திரும்புவது குறைகிறது என்று கண்டது. இதுவும் துல்லியக் கருவியால் சாத்தியமானதே.

பிகாரிலிருந்து தில்லி வரும் முதியவருக்கு இது வெறும் புள்ளிவிவரம் அன்று. வாரத்துக்கு 5 நாள் வீதம் 39 அமர்வு என்றால் ஏறத்தாழ 8 வாரம். துணைக்கு வரும் மகனின் கூலியும் அத்தனை நாள் போகும். தங்குமிடச் செலவு வேறு. காப்பீடு இவற்றை ஈடு செய்வதில்லை.

10 லட்சம் பேருக்கு ஒரு கருவியாவது வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 140 கோடி மக்களுக்கு 1,400 கருவிகள் தேவை. நாட்டில் இருப்பவை இதைவிட மிகக் குறைவு. அவையும் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளன. மாவட்ட மருத்துவமனைகளில் 3 ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்றும், 2025-26-இல் மட்டும் 200 தொடங்கப்படும் என்றும் மக்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதே. ஆனால், அவை முக்கியமாகக் கீமோதெரபிக்கானவை. கதிர் சிகிச்சைக்கு நோயாளி மீண்டும் ரயிலேற வேண்டும்.

கருவியை வாங்கினால் மட்டும் போதாது. தடித்த கான்கிரீட் சுவர் கொண்ட அறை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, கதிரின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர் ஆகிய மூன்றும் வேண்டும். அந்த இயற்பியலாளர் பணியிடம் காலியாக இருக்கும் மருத்துவமனையில், புதிய கருவி இருந்தும் சிகிச்சையைத் தொடங்க முடியாது.