வசந்தகாலப் பனிமலை: படியேறிப் பழகினால் மட்டும் போதுமா?

சுவா சூ காங்கின் உயரமான வீவக புளோக்குகளில், கனத்த முதுகுப்பையுடன் மாலை நேரத்தில் படியேறி இறங்குவோரைச் சில சமயம் பார்க்கலாம். மின்தூக்கி பழுதாகிவிட்டதோ என்று அண்டைவீட்டார் நினைக்கக்கூடும். பெரும்பாலும் அவர்கள் ஏதோவொரு மலைக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள்.

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமா, சுமார் 164 மீட்டர்தான். அதனால் மலையேறிகளுக்கு இங்கு வீவக படிக்கட்டுதான் பயிற்சிக்கூடம். எட்வின் சியூ, கூ சுவீ சியாவ் இருவரும் 1998 மே 25ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அவர்கள் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் எவரெஸ்ட் அணியும் இப்படிப் படியேறித்தான் பழகியது. 2012 மே மாதம் எவரெஸ்ட்டில் ஏறிய மருத்துவர் குமரன் ராசப்பன், மலையேற்ற ஆர்வத்தை நம் சமூகத்தின் பல வீடுகளுக்குக் கொண்டுசென்றார்.

இப்போது அந்த ஆர்வம் பனிச்சறுக்குப் பக்கமும் திரும்பியிருக்கிறது. மார்ச் பள்ளி விடுமுறையில் ஜப்பானுக்கும் காஷ்மீரின் குல்மார்க்குக்கும் செல்லும் குடும்பங்கள் உண்டு. சறுக்கப் பழகியதும், கேபிள் கார் போகாத மலைப்பகுதிக்குத் தாங்களே ஏறிச்சென்று அங்கிருந்து சறுக்கி இறங்கும் ஆசை சிலருக்கு வருகிறது. ‘ஸ்கீ டூரிங்’ என்பது அதுதான். பலகையின் அடியில் ‘ஸ்கின்’ எனும் பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அதன் மயிர்கள் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னால் நகரும், பின்னால் வழுக்காது. காலணியின் குதிகால் பகுதியைத் தளர்த்திவிட்டு நடந்து ஏறுவார்கள். உச்சியில் பட்டையை உரித்து, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

படிக்கட்டுப் பயிற்சி காலுக்கும் மூச்சுக்கும் உதவும். பனியைப் படிக்கக் கற்றுத்தராது. இறப்புகள் பலவும் நேர்வது அங்கேதான்.

வசந்தகாலத்தில், அதாவது மார்ச் முதல் மே வரை, மலைப்பனி ஒரே நாளில் பல முகம் காட்டும். வானம் தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு இழந்து இறுகிவிடும். காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட இது நடக்கும். காலையில் வெயில் பட்டதும் மேல் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகும். அடியில் கெட்டி, மேலே சோளமணி போன்ற மெல்லிய பனி. சறுக்குவதற்கு அதைவிடச் சிறந்த தளம் இல்லை என்பார்கள்.

அந்த நிலை நீடிப்பது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். ஐஸ் கச்சாங் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மேலே துருவல் அப்படியே இருப்பதுபோல் தோன்றும், உள்ளே நீர் இறங்கிக்கொண்டிருக்கும். மலையிலும் அதேதான். உருகிய நீர் உள்ளே வடிந்து, பனிமணிகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பிடிப்பைக் கரைத்துவிடும். பிறகு ஒரு மலைச்சரிவு முழுவதும் ஈரச் சிமெண்ட்டைப்போல் நகரத் தொடங்கலாம். இத்தகைய ஈரப் பனிச்சரிவு, உலர்பனியின் சரிவைவிட மெதுவாக வரும். ஆனால் அதன் எடை அதிகம், சிக்கியவரை அசையவிடாது.

அதனால்தான் அனுபவசாலிகள் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். கிழக்கு நோக்கிய சரிவில் முதலில் வெயில் படும், பிறகு தெற்கில், கடைசியாக மேற்கில். வடக்குச் சரிவில் குளிர்காலப் பனி இன்னும் உலர்ந்தே கிடக்கலாம், அதன் ஆபத்து வேறு வகை. காலணி கணுக்காலைத் தாண்டிப் புதையத் தொடங்கினால் அந்தச் சரிவுக்கு நேரம் முடிந்துவிட்டது. இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தால் பனி இறுகியிருக்காது, அன்று புறப்படாமல் இருப்பதே நல்லது.

‘வசந்தம் வந்துவிட்டது, ஆபத்து குறைந்துவிட்டது’ என்று நினைப்பதும் தவறு. 2017 மார்ச் 27ஆம் தேதி, ஜப்பானின் தொச்சிகி மாநிலத்தில் உள்ள நாசுவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மலையேற்றப் பயிற்சி நடந்தது. புதுப்பனி கடுமையாகப் பெய்ததால் திட்டமிட்ட மலையேற்றம் கைவிடப்பட்டு, பனியில் வழியமைத்து நடக்கும் பயிற்சியாக மாற்றப்பட்டது. பனிச்சரிவில் ஏழு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். குல்மார்க்கின் அபர்வத் மலைப்பகுதியில் 2023 பிப்ரவரி 1ஆம் தேதி இரண்டு போலந்து நாட்டவர் பனிச்சரிவுக்குப் பலியாயினர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் குல்மார்க்கில் அதேபோல் இறந்தார்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் ஏற்படுகின்றன. சறுக்குவோருக்கு மிகவும் பிடித்த சாய்வும் அதுவே என்பதுதான் சிக்கல். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன் பிறகு அது வேகமாகச் சரிகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, உடன் வந்தவர்தான் காப்பாற்றியாக வேண்டும். ஆகவே குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: சமிக்ஞை அனுப்பவும் பெறவும் உதவும் கருவி, பனியில் குத்தித் தேடும் நீண்ட கோல், மண்வாரி. வழிகாட்டி ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயனில்லை. புதைந்தவர் அவராகவே இருக்கலாமே.

உயரத்தையும் மறந்துவிடக் கூடாது. குல்மார்க்கின் கேபிள் கார் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம்வரை கொண்டுபோய் விடும். கடல்மட்டத்தில் வாழும் நாம், சாங்கியில் விமானம் ஏறிய இரண்டாம் நாளே அங்கு நிற்க முடியும். உடல் அவ்வளவு விரைவில் பழகாது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே தலைவலி, குமட்டல் வரலாம். அறிகுறி தெரிந்தால் மேலே ஏறக்கூடாது, மோசமானால் இறங்கிவிட வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடுவரை திருப்பி அனுப்பும் என்பதால், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் இருந்தாலே கண் எரிந்து பார்வை மங்கக்கூடும்.

சிங்கப்பூரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: விடுப்பு. ஒன்பது நாள் விடுப்பு, பயணச்சீட்டு, தங்குமிடம் எல்லாம் முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது. ஐந்தாம் நாள் வானிலை சரியில்லை என்றால் ‘வந்தது வந்தோம், போய்ப் பார்ப்போம்’ என்ற எண்ணம்தான் முதலில் எழும். திட்டமிடும்போதே இரண்டு நாளைக் காலியாக விட்டுவைத்தால் அந்த நெருக்குதல் குறையும். செலவு கூடும்தான்.

முன்பதிவு செய்யுமுன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை சில. காலை எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள்? எத்தனை மணிக்கு, உச்சியை அடையாவிட்டாலும், திரும்புவீர்கள்? தேடுகருவியில் எங்களுக்குப் பயிற்சி தருவீர்களா? எல்லாவற்றுக்கும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். பயணக் காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். வரையறுக்கப்பட்ட தடத்துக்கு வெளியே சறுக்குவதையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏறுவதையும் பல திட்டங்கள் ஏற்பதில்லை, மீட்பு ஹெலிகாப்டர் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழும்.