கம்பைலர் படிக்காத வரி

‘ரஸ்ட் மொழி வந்துவிட்டது, இனி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பிழைக்கே இடமில்லை’ என்ற பேச்சு, 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1 கெர்னலுக்குள் ரஸ்ட் நுழைந்ததிலிருந்து ஓயவில்லை. நினைவகக் குளறுபடிகளில் பலவற்றை ரஸ்ட் தடுக்கும் என்பது உண்மை. ‘பிழைக்கே இடமில்லை’ என்பது மிகை. இன்டரப்டை நிறுத்துவது போன்ற சில வேலைகளுக்கு சிபியுவின் சொந்தக் கட்டளையைத்தான் எழுதியாக வேண்டும். சி நிரலின் நடுவே அப்படிச் செருகும் ஓரிரு வரிகளே இன்லைன் அசெம்பிளி.

1973-ல் யூனிக்ஸை சி மொழியில் திருப்பி எழுதியபோதே கெர்னலின் பெரும்பகுதி அசெம்பிளியிலிருந்து விடுபட்டது. மிச்சம் நின்ற துளி இன்னும் தீரவில்லை. வரலாறு இவ்வளவு போதும்.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. செருகிய அந்த வரியின் பொருள் ஜிசிசி கம்பைலருக்குத் தெரியவே தெரியாது. கல்யாணச் சமையலில் ஜாங்கிரி பிழிய மட்டும் வெளியாள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைமைச் சமையல்காரர் அவர் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. கையில் தந்த சீட்டை மட்டும் நம்புகிறார். என்னென்ன சாமான் வேண்டும், பலகாரம் எந்தத் தட்டில் வரும், வேறு எந்தப் பாத்திரங்கள் அழுக்காகும், உக்கிராணத்துக்குள் கை வைப்பாரா என்பதெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். ஒரு பாத்திரத்தை எழுத மறந்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் அதிலேயே பாயசம் இறங்கிவிடும்.

தலைமைச் சமையல்காரர்தான் கம்பைலர். சீட்டு என்பது செருகிய வரியோடு நிரலர் எழுதும் குறிப்பு. பாத்திரங்கள்தான் ரெஜிஸ்டர்கள். இன்டெல் வகை சிபியுவில் ‘சிபியுஐடி’ கட்டளை நான்கு ரெஜிஸ்டர்களை மேலெழுதும். ஒன்றை மட்டும் குறித்துவிட்டு மூன்றை மறந்தால், ஆப்டிமைசேஷன் இல்லாதபோது பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதைக் கூட்டியதும் சம்பந்தமே இல்லாத ஒரு மாறியின் மதிப்பு கெட்டுக் கிடக்கும்.

உக்கிராணம்தான் நினைவகம். லினக்ஸில் இன்டரப்டை நிறுத்தும் ‘சிஎல்ஐ’ வரியைப் பாருங்கள். ஒரே கட்டளை, நினைவகத்தைத் தொடுவதே இல்லை. ஆனாலும் சீட்டில் ‘மெமரி’ என்று எழுதியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால், இன்டரப்ட் நின்ற பிறகு நினைவகத்தில் எழுத வேண்டியதை கம்பைலர் அதற்கு முன்னால் நகர்த்திவிடலாம். ‘மெமரி’ என்று கண்டதும் ரெஜிஸ்டரில் வைத்திருந்த பழைய மதிப்பை நம்பாமல் நினைவகத்திலிருந்து மறுபடி படிக்கும்.

இதன் உச்சம் லினக்ஸின் ‘பேரியர்’. அதில் கட்டளையே கிடையாது. வெற்று வரி, கூடவே ‘மெமரி’ என்ற குறிப்பு. சிபியுவுக்கு அதனால் ஒரு வேலையும் போவதில்லை. கம்பைலர் மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டி நினைவகத்தில் படிப்பதையோ எழுதுவதையோ நகர்த்தாமல் நின்றுவிடுகிறது. எவ்வளவு அழகான தந்திரம்! ஆனால் சிபியு தானாகவே வரிசையை மாற்றினால் இந்தக் கோடு தடுக்காது. அதற்கு ‘எம்ஃபென்ஸ்’ போன்ற நிஜக் கட்டளை வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதே இங்கே பெரிய பொறி.

சி-யால் முடிகிற வேலைக்கு அசெம்பிளியை இழுக்காதீர்கள், அடிக்கடி வேண்டியதைச் சிறு ஃபங்ஷனில் பொதிந்து வையுங்கள் என்கிறது லினக்ஸ் கெர்னலின் நிரல் நடை ஆவணம். சீட்டை ஒருமுறை சரியாக எழுதினால் எல்லா இடத்துக்கும் அதுவே போதும்.

ரஸ்டிலும் சீட்டு ஒழியவில்லை. 2022 பிப்ரவரியில் 1.59 பதிப்பில் நிலைபெற்ற அதன் ‘ஏஎஸ்எம்’ வசதி, ‘அன்சேஃப்’ வேலிக்குள்தான் வரும். ஆனால் நினைவக விஷயத்தில் முறை தலைகீழ்: எதுவும் எழுதாவிட்டால் நினைவகம் தொடப்பட்டதாகவே கொள்ளும், தொடவில்லையென்றால்தான் ‘நோமெம்’ என்று எழுத வேண்டும். மறந்தால் நிரல் சற்று மெதுவாகலாம், கெடாது. மெச்ச வேண்டிய முன்னேற்றம் இது. தவறாக ‘நோமெம்’ எழுதினாலோ, ரஸ்ட் கம்பைலரும் அதை அப்படியே நம்பிவிடும்.