அம்மோனியா நெடிக்கு எல்லை எது?

மரத்தில் வெட்டிய பால் உறைந்து போகாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆலையில் கெட்டியாக்கப்பட்ட பாலில் 100க்கு 0.7 பங்கு அளவுகூட அம்மோனியா இருக்கும். பீப்பாயைத் திறந்ததும் கண் எரிவதும் தொண்டை கமறுவதும் அதனால்தான். இந்த நெடியை எந்த அளவு வரை விட்டுவைக்கலாம்? அந்த அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? இன்று அதைப் பார்ப்போம்.

மலேசியாவில் 2000ஆம் ஆண்டில் வந்த இரசாயனப் பாதுகாப்பு விதிகள் 25 பி.பி.எம். என்று எல்லை வகுத்தன. அதாவது, 10 இலட்சம் லிட்டர் காற்றில் 25 லிட்டர் அம்மோனியா. இது 8 மணி நேர வேலைக்கான சராசரி. காலையில் 4 மணி நேரம் 40, பிற்பகலில் 4 மணி நேரம் 10 என்றிருந்தால் சராசரி 25 வந்துவிடும். அதற்காக நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம் என்று பொருளல்ல. எந்த 15 நிமிடத்தின் சராசரியும் 75ஐத் தாண்டக் கூடாது.

அம்மோனியா உடலில் தேங்கும் நஞ்சு அல்ல. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகிய ஈரமான இடங்களில் பட்டதும் அரிக்கத் தொடங்கும். ஆகவே, எந்த அளவில் எரிச்சல் தொடங்குகிறது என்று தொழிலாளரிடமும் சோதனைக்கு முன்வந்தவர்களிடமும் பார்த்து, அறிஞர்கள் ஓர் அளவைப் பரிந்துரைக்கிறார்கள். அதைச் சட்டமாக்குவது அரசாங்கம். அமெரிக்கச் சட்டத்தில் எல்லை 50; நம் நாட்டில் 25. வாயு ஒன்றுதான், நுரையீரலும் ஒன்றுதான். எல்லை என்பது மனிதர் கூடி எடுக்கும் முடிவு என்பது இதிலிருந்து விளங்குகிறது. 300ஐ எட்டினால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிலையம் கணித்திருக்கிறது.

இந்த எல்லை வேலை செய்யும் பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டது. சிறு பிள்ளைகளையும் இழுப்பு நோயுள்ளவர்களையும் மனத்தில் வைத்து வகுத்ததன்று. சாப்பாடு கொடுத்தனுப்பும் சாக்கில் பிள்ளைகளைப் பால் ஸ்டோருக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று, மூக்கை நம்பாதீர்கள். சிறிது நேரத்தில் மூக்கு நெடிக்குப் பழகிவிடும். வாடை குறைந்ததாகத் தோன்றும். காற்றில் அம்மோனியா அப்படியே இருக்கும். கருவி வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். ஆபத்தை மதிப்பிட்டுத் தொழிலாளருக்குச் சொல்வது முதலாளியின் கடமை. "எங்கள் ஸ்டோரில் காற்றை அளந்தீர்களா, எவ்வளவு இருந்தது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்று வரும் பக்கமாக நின்று பீப்பாயைத் திறவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.