ரத்தப் புற்றுநோய்: மருந்து எந்த வழியில் போகிறது?

ஊசி என்றதும் பலருக்கும் இரண்டு இடம்தான் நினைவுக்கு வரும். ஒன்று கை. மற்றொன்று இடுப்பு. எங்கே குத்தினால் என்ன, மருந்து உடம்புக்குள் போனால் சரிதானே என்று நினைக்கிறார்கள். ரத்தப் புற்றுநோயில் இந்த நினைப்பு உதவாது. அங்கே ஊசி போடும் இடம் மாறினால், உயிர் காக்கும் மருந்தே உயிரை எடுத்துவிடும்.

முதலில் நோயைப் பார்ப்போம். எலும்புக்குள்ளே மஜ்ஜை இருக்கிறது. ரத்தத்தில் உள்ள அணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. ரத்தப் புற்றுநோய் வந்தால் வெள்ளை அணுக்களில் ஒரு பகுதி கெட்டுப்போகிறது. கெட்ட அணுக்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. நல்ல அணுக்கள் பிறக்க இடம் இல்லாமல் போகிறது. இது ஓர் இடத்தில் இருக்கும் கட்டி அல்ல, அறுத்து எடுத்துவிட. ரத்தம் ஓடும் இடமெல்லாம் நோயும் ஓடும். மருந்தும் அதன் பின்னாலேயே போக வேண்டும்.

அப்படிப் போகும் மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். இது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுகிறது. வேலி ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் வெள்ளையாக, இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்குமே, அதே செடிதான். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இதை மானாவாரியாகப் பயிர் செய்கிறார்கள். இலையில் இந்த மருந்து மிக மிகக் கொஞ்சமாகவே இருக்கிறது. தொழிற்சாலையில் பிரித்துச் சுத்தம் செய்துதான் எடுக்க முடியும். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இது முக்கியமான மருந்து. இதைக் கேட்டுவிட்டு யாரும் இலையைப் பறித்து மென்று தின்ன வேண்டாம். செடி விஷம். தின்றால் நோயும் தீராது.

வின்கிறிஸ்டினை ரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும். ஊசி குழாயை விட்டு நழுவி, மருந்து வெளியே கசிந்தால் அந்த இடம் வெந்து புண்ணாகும். மருந்து ஏறும்போது எரிகிறது, வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் 'பொறுத்துக்கொள்' என்று அதட்டக் கூடாது. உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

அதே குழந்தைக்கு இன்னோர் ஊசியும் உண்டு. அது முதுகில் போடும் ஊசி. மூளையைச் சுற்றி இயற்கையே ஒரு வேலி போட்டிருக்கிறது. ரத்தத்தில் ஏற்றும் பல மருந்துகள் அந்த வேலியைத் தாண்டிப் போதுமான அளவு போவதில்லை. ஆனால் நோய் அணுக்கள் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். விட்டுவிட்டால் பிறகு நோய் திரும்பி வரும். அதனால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரிலேயே நேராகச் செலுத்துகிறார்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வார்கள்.

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து, வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் உண்டு. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. சில நாள் தலைவலி, முதுகுவலி வரலாம். அதற்காக இந்த ஊசியைத் தவிர்ப்பது பெரிய ஆபத்து.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று. ரத்தக் குழாயில் போக வேண்டிய வின்கிறிஸ்டினைத் தவறிப்போய் முதுகில் செலுத்திவிடுவதுதான் அது. அப்படி நடந்தால் மாற்று மருந்து கிடையாது. கால் செயலிழக்கும். பிறகு மூச்சு விடும் தசையும் செயலிழக்கும். பிழைத்தவர்கள் மிகச் சிலரே. 2001ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 18 வயது இளைஞர் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அவருக்கு நோய் கட்டுப்பட்டிருந்த நேரம் அது. படித்த டாக்டர்கள், பெரிய ஆஸ்பத்திரி, ஆனாலும் நடந்தது. இரண்டு மருந்தும் ஒரே மாதிரி ஊசிக்குழலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வழி மிகச் சுலபமானது. வின்கிறிஸ்டினை ஊசிக்குழலில் நிரப்பவே கூடாது. உப்பு நீர் உள்ள சிறு பையில் கலந்து, சொட்டு மருந்தாக ஏற்ற வேண்டும். பையைக் கொண்டுபோய் யாரும் முதுகு ஊசியில் மாட்ட மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு எல்லா நாடுகளுக்கும் இதைத்தான் சொன்னது. இரண்டு ஊசிகளையும் வேறு வேறு நாளில் போடும் ஆஸ்பத்திரிகளும் உண்டு.

வழி மாறினால் நன்மை வருவதும் உண்டு. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. இதற்கு போர்டெசோமிப் என்ற மருந்தை முன்பு ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். கை கால் மரத்துப்போகும், எரியும். செருப்பு காலை விட்டுக் கழன்றாலும் சிலருக்குத் தெரியாது. பிறகு வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட்டுப் பார்த்தார்கள். 222 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. நோய் குறைந்தது இரண்டு வழியிலும் ஒரே அளவுதான். மரத்துப்போனது மட்டும் ரத்தக் குழாயில் போட்டவர்களில் 100க்கு 53 பேருக்கு. தோலுக்கு அடியில் போட்டவர்களில் 100க்கு 38 பேருக்கு. மருந்து அதேதான், அளவும் அதேதான். ஆனால் இந்த மருந்தையும் முதுகில் செலுத்தினால் மரணம்தான்.

வீட்டார் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. "இது என்ன மருந்து? எங்கே போடப் போகிறீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கலாம். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். பெயரை உரக்கப் படித்துக் காட்டுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் மருந்துப் பையில் உள்ள நோயாளியின் பெயரைத் தாமே பார்க்கலாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், பக்கத்து டாக்டரிடம் போய் இடுப்பில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வரக் கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இந்த நோயாளிக்குக் குறைவாக இருக்கலாம். தசையில் குத்தினால் உள்ளேயே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவானாலும், சிகிச்சை எடுக்கும் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். போக முடியாத தூரம் என்றால் அருகில் உள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், சிகிச்சை அட்டையை முதலில் காட்ட வேண்டும்.